மிச்சம் ஏழு ஏடு

பன்னிரண்டு என்று பெட்டியில் போட்டிருக்கிறது.
என் தட்டு சின்னது.
கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து ஐந்து அடுக்கியதும்
அதற்கு வயிறு நிறைந்துவிடுகிறது.
மிச்சம் ஏழு.

சுருட்டித் திரும்ப உள்ளே வைத்தால்
நாளை மறுநாள் சருகு,
விரல் பட்டதும் பொடியும்.
போன மாதம் அப்படித்தான்
ஒரு சுருளைக் குப்பைக்குக் கொடுத்துவிட்டு
கூடையோடு சண்டை போட்டேன்.

ஈரத்துணி போர்த்தி வைத்தேன்.
பாலேட்டைவிட மெல்லிசு.
மேலே வைத்தால்
கீழே கிடக்கும் மின்கட்டண ரசீதின் தொகையைப்
படிக்கலாம்.
ஈரம் கூடினால் கூழ்
குறைந்தால் சருகு.

ஈரம் என்றதும் கீழ்வீட்டு பாண்டெலிஸ்.
என் குளியலறைக் குழாய்
அவர் கூரையில் பிப்ரவரியிலிருந்து
ஒரு தீவு வரைந்துகொண்டிருக்கிறது.
கதவடியில் மூன்று கடிதம் தள்ளினார்.
முதலாவதில் வணக்கமும் நலவிசாரிப்பும்.
இரண்டாவதில் வணக்கம் மட்டும்.
மூன்றாவதில் அதுவும் இல்லை.
குழாய்க்காரன் வருகிறேன் வருகிறேன் என்கிறான்.
வோலோஸ் துறைமுகத்தில்
கப்பலாவது வந்துவிடுகிறது.

பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள் நான்.
மலைத்தடத்து டிரைவர் தீமோஸ்
நேற்று ஜன்னல் வழியாக ஒரு பை நீட்டினான்.
வளைவுக்கு வளைவு உருண்டு
அடிபட்ட பேரிக்காய்கள்.
"விற்க முடியாது, தின்னலாம்" என்றான்.
கன்றியதைச் சீவினேன்.
சீவியது போக நல்லதும் நிறைய இருந்தது.

ஒரு ஏடு, மேலே வெண்ணெய்.
இன்னொரு ஏடு, வெண்ணெய்.
நான்காவது கிழிந்தது.
கிழிசலை நடுவில் மறைத்து
அதன் தலையில் ஐந்தாவதைப் போட்டேன்.
பழத்துக்கு அடியில்
காய்ந்த ரொட்டித் தூள் ஒரு கைப்பிடி,
சாறு ஒழுகினால் குடித்துக்கொள்ள.
(இப்படியொரு ஏற்பாடு
குளியலறைக்கும் வேண்டும்.)
பட்டை, கொஞ்சம் சர்க்கரை, எலுமிச்சைத் தோல்.
கடைசி இரண்டையும் கசக்கி
மேலே போர்த்தினேன்,
கலைந்த படுக்கை மாதிரி.

அடுப்பில் வைத்த ஒன்பதாவது நிமிடம்
தெருவே இருண்டது.

வெண்ணெய் உருகியாயிற்று, மாவு வேகவில்லை.
இப்படியே விட்டால் நமுத்துப்போகும்.
காலையில் ஓர் ஈரத்துணியைத்தான் தின்பேன்.
கட்டடத்தில் எரிவாயு அடுப்பு
ஒரே ஒரு வீட்டில்தான்.

கைபேசி விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு
படியிறங்கினேன்.
கதவைத் தட்டக் கை இல்லாததால்
காலால் தட்டினேன்.
அது உதைத்ததுபோல் கேட்டிருக்க வேண்டும்.

பாண்டெலிஸ் என்னைப் பார்த்தார்.
தட்டைப் பார்த்தார்.
பிறகு அண்ணாந்து பார்த்தார்.
தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில்
தீவு நான் நினைத்ததைவிடப் பெரிசு.
ஒரு விரிகுடாகூட இருந்தது.
"சர்க்கரை?"
"கம்மி."
"நல்லது."
அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.
அவர் குளிர்பெட்டியைத் திறந்து
ஆழத்திலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.
மூன்று ஏடு.
எந்த ஈஸ்டரில் மிஞ்சியதோ,
பிரித்ததுமே நொறுங்கின.
"ஒரு பெட்டி ஒருவருக்கு அதிகம்" என்றார்,
பெட்டியைத் திட்டும் குரலில்.
நொறுங்கியதை அள்ளி
என் தட்டின் மேலே தூவினார்.
நான் தடுக்கவில்லை.

வெந்தது. ஒரு மூலை கருகியது.
அந்த மூலையைத்தான் அவர் முதலில் உடைத்தார்.
மொறுக் என்ற சத்தம்
வாயில் சாறு வரும்வரை போயிற்று.
இரண்டாவது துண்டை எடுக்கும்போது
மின்சாரம் வந்தது.
மேலே என் வீட்டில்
வெறும் அடுப்பு சூடாகிக்கொண்டிருந்தது.
போய் அணைக்க வேண்டும் என்றேன்.
மூன்றாவது துண்டு வரை போகவில்லை.

மறுநாள் வாசலில்
கழுவித் துடைத்த தட்டு.
அதில் நான்காவது கடிதம்:
வணக்கம்.
மூலை நன்றாக இருந்தது.
குழாய் எப்போது?